கண்ணாடி ஓடு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. இரண்டையும் செய்து பார்த்தவர் என் தந்தை. 'வீட்டை விற்றுப்பார்' என்று மட்டும் எந்த முன்னோரும் சொல்லி வைக்கவில்லை. சென்ற ஆண்டு அதையும் நாங்கள் செய்து பார்த்தோம்.

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில், வாய்க்கால் ஓரமாக இருந்தது எங்கள் சீமை ஓட்டு வீடு. அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் என் தந்தை 2003-ல் கட்டியது. அக்காவின் திருமணத்திற்காக நான்கு லட்ச ரூபாய் புரோநோட்டுக் கடன் வாங்கினோம். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி. அதாவது மாதம் 12,000 ரூபாய்! மூட்டை தூக்கும் கூலியில் வட்டிக்கே போதவில்லை. அசல் அசையவே இல்லை. வேறு வழியின்றி வீட்டை விற்பது என்று முடிவாயிற்று.

இரண்டு மாதத்தில் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூவருமே, "சொல்லி அனுப்புகிறோம்" என்று போனார்கள். எவரும் சொல்லி அனுப்பவில்லை. ஒவ்வொரு மாதத் தாமதமும் எங்களுக்கு 12,000 ரூபாய் நஷ்டம்.

தரகர் ஒரு நாள் என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, படிக்கிற பிள்ளை நீதான் புரிஞ்சுக்கணும். வீடு பாக்க வர்றவங்க வாசல்ல நிக்கறப்பவே பாதி முடிவு பண்ணிடுவாங்க. பொண்ணு பாக்க வர்றாங்கன்னா வீட்டை இப்படியா வெச்சிருப்பீங்க?" என்றார்.

அன்று மாலை வீட்டை ஓர் அந்நியனின் கண்ணால் பார்த்தேன். திண்ணையில் கால் உடைந்த கட்டில். நடையில் சக்கரம் இல்லாத சைக்கிள். கூடத்தில் ஆளை மறிக்கும் சாக்கு மூட்டைகள். சமையலறையில் பகலிலும் இருட்டு. இருபது ஆண்டுகள் இதே வீட்டில் வளர்ந்தும் இவற்றை நான் பார்த்ததே இல்லை!

மறுநாளே வேலை தொடங்கினோம். வேண்டாத சாமான்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. சாமான் குறையக் குறையக் கூடம் பெரிதாகிக்கொண்டே வந்தது. உடைந்த ஓடுகளை மாற்றினோம். ஒழுகிய குழாய்க்கு ஒரு வாஷர் போதுமானதாக இருந்தது. சில ரூபாய்ப் பொருள். மூன்று ஆண்டுகளாக ஒழுகிக்கொண்டிருந்தது!

கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, வடிகட்டி, சிறிது நீலம் கலந்து நானே வெள்ளையடித்தேன். வேதியியல் மாணவனுக்கு இதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். அதைச் சுட்டால் சுண்ணாம்பு. நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு. சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்று, அது மறுபடியும் கால்சியம் கார்பனேட்டாகவே இறுகுகிறது. கிளிஞ்சல் சுற்றி வந்து கிளிஞ்சலின் பொருளாகவே சுவரில் குடியேறுகிறது.

சமையலறைக் கூரையில் ஓர் ஓட்டை எடுத்துவிட்டு ஒரு கண்ணாடி ஓடு பதித்தோம். வெயில் ஒரு முழ அகலத்திற்கு நேராக அடுப்படியில் வந்து விழுந்தது. அம்மா அதைப் பார்த்தபடி நின்றார். எதுவும் சொல்லவில்லை.

பத்திரம், பட்டா, வீட்டுவரி ரசீதுகள், மின் கட்டண அட்டை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கினேன். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்த்து அதையும் சேர்த்தேன். விற்கிற வீட்டுக்கு வெள்ளையடிப்பது பாதி அலங்காரம் என்றால், தாள்களை ஒழுங்காக வைப்பது மறு பாதி அலங்காரம்.

இனி, நான் வெட்கத்துடன் எழுத வேண்டிய பகுதி வருகிறது.

வாய்க்காலை ஒட்டிய வடக்குச் சுவர் ஓதம் காக்கும். முழங்கால் உயரத்திற்கு உப்புப் பூத்துக் காரை உதிரும். கட்டும்போது பணம் போதாமல், அடித்தளத்துக்கு மேல் ஓதம் தடுக்கும் பூச்சுப் போடாமலே செங்கல் அடுக்கியதன் விளைவு அது. தரைநீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறுகிறது. அது ஆவியாகும்போது, கரைந்திருந்த உப்பு சுவரிலேயே தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர வளரக் காரையைத் தள்ளுகிறது. நுண்புழை ஏற்றம் பற்றித் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்.

"அதைச் சுரண்டிட்டு மேலால சிமெண்ட் பூசி, ஆயில் பெயிண்ட் அடிச்சிடு தம்பி. ஆறு மாசம் தாங்கும். அதுக்குள்ள பத்திரம் முடிஞ்சிடும்" என்றார் தரகர்.

அது நிற்காது என்று எனக்குத் தெரியும். முன்பக்கம் அடைபட்ட ஈரம் இன்னும் உயரமாக ஏறும் என்பதும் தெரியும். தெரிந்தும் செய்தேன்! அப்பா ஆலைக்குப் போயிருந்த இரண்டு நாட்களில் பூசி, உலர்த்தி, அடித்து முடித்தேன். வீட்டிலேயே அழகான சுவர் அதுதான். மாலையில் வந்த அப்பா அதைத் தொட்டுப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓர் இளம் தம்பதியர் வந்தார்கள். அவர் தேநீர்க் கடை வைத்திருப்பவர். அந்த அம்மையார் நிறைமாதக் கர்ப்பிணி. வீடு அவர்களுக்குப் பிடித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. கண்ணாடி ஓட்டின் கீழே நின்று அந்த அம்மையார் சிரித்தார். பிறகு கூடத்துக்கு வந்து, அந்த வடக்குச் சுவரைக் காட்டி, "இந்த ஓரமாத் தொட்டில் கட்டலாங்க" என்று கணவரிடம் சொன்னார்.

தரகர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார். என் தொண்டை உலர்ந்தது.

"அங்க வேணாம் அம்மாடி" என்றது ஒரு குரல். அப்பா! "அந்தச் செவுரு ஓதம் காக்கும். இப்ப பெயிண்ட் அடிச்சிருக்கறதால தெரியல. பிள்ளையைத் தெக்குப் பக்கமாப் போட்டுக்க."

கூடத்தில் சிறிது நேரம் பேச்சே இல்லை. தரகரின் முகம் கறுத்துவிட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர்களும் வீட்டுக்குப் போய் யோசித்தார்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என நூற்றுக்கு ஒன்பது ரூபாய் அவர்கள் விலைக்கு மேல் கட்டியாக வேண்டும். அதோடு சுவர்ச் செலவும் சேர்ந்தது. ஐந்தாம் நாள் வந்தார்கள். பேசிய விலையில் 50,000 ரூபாய் குறைத்துக் கேட்டார்கள். அப்பா ஒத்துக்கொண்டார். "தெரிஞ்ச குறையை நீங்களே சொன்னீங்க. தெரியாத குறை வேற இருக்காதுன்னு நம்பி வாங்கறோம்" என்றார் அந்தத் தேநீர்க் கடைக்காரர். அம்மாத இறுதிக்குள் பத்திரம் பதிவாயிற்று.

ஐம்பதாயிரம் எங்களுக்குச் சிறிய தொகை அல்ல. நான்கு மாத வட்டிக்கும் மேல். அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால் பின்னர் நூலகத்தில் 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தைப் புரட்டியபோது அதன் 55-ம் பிரிவு என் கண்ணில் பட்டது. தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது அது. மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் தந்தை எந்தச் சட்டத்தையும் படித்ததில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நானோ, கற்ற பாடத்தைக் காரைக்குள் மறைக்கப் பார்த்தேன்!

வீட்டை அழகுபடுத்தி விற்பதில் தவறே இல்லை. குப்பையை அகற்றுவதும், விளக்குப் போடுவதும், வெள்ளையடிப்பதும் வீட்டில் உள்ள நன்மையை வெளியே காட்டுகின்றன. ஆறு மாதம் மட்டும் தாங்கும் பூச்சு அப்படியல்ல. அது நம் கடனை இன்னொருவர் தலையில் ஏற்றுகிறது.

கடைசி நாள் காலையில் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு அம்மாவைத் தேடினேன். காலியான சமையலறையில், கண்ணாடி ஓட்டின் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இருபது வருஷமாக் கேட்டேன். விக்கறப்பதான் வந்திருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை.

நான் பதில் சொல்லவில்லை. யாரோ பார்க்க வருகிறார்கள் என்பதற்காக ஒரே வாரத்தில் செய்து முடித்ததை, அங்கேயே வாழ்ந்தவருக்காக ஒரு நாளும் நாங்கள் செய்யவில்லையே!

இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று வாசலையும் கூடத்தையும் நான் கவனிக்கவில்லை. நேரே சமையலறைக்குப் போய், விளக்கைப் போடாமல் நின்று பார்த்தேன். கிழக்கே ஒரு ஜன்னல் இருந்தது.

"இந்த வீடே போதும்" என்றேன் அப்பாவிடம்.