ஐந்தாவது அச்சம்

பயத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்பது எனக்கு 2019 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைதான் உறைத்தது. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிற கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கு என் மகனைக் கூட்டிக்கொண்டு நானும் மனைவியும் போயிருந்தோம். அவனுக்கு அப்போது வயது 11.

அவனைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஒன்பது வயதிலிருந்து அவனுக்குப் பீதி வருகிறது. 'வருகிறது' என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு, விருந்தாளியைச் சொல்கிற மாதிரி. வகுப்பில் வரும், கல்யாண மண்டபத்தில் வரும், ஒன்றுமே நடக்காத ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலும் வரும். கை சில்லிட்டுப் போகும். மூச்சு வாங்கும். 'செத்துடுவேன்' என்பான். அழுது அல்ல, தகவல் சொல்கிற குரலில். இருதயத்தைப் பரிசோதித்தாயிற்று, கோளாறு இல்லை. உறவினர்கள் தங்கள் பங்குக்கு மந்திரித்துக் கயிறு கட்டியதும் ஆயிற்று. அதற்கெல்லாம் பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனோம். வரிசையை நாங்கள் தலைகீழாக வைத்திருந்தோம் என்பதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சம் இல்லை.

மருத்துவர் சொன்னது எளிமையானது. ஆபத்து எதிர்ப்பட்டால் சண்டையிடவோ ஓடவோ உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது; நெஞ்சு அடித்துக்கொள்வதும் மூச்சு வேகப்படுவதும் அதற்காகத்தான். வால்ட்டர் கேனன் 1915-லேயே இதை விஸ்தாரமாக எழுதிவிட்டார். என் மகனிடம் அந்த ஏற்பாடு பழுதாகவில்லை. திருடன் வராதபோதும் மணி அடிக்கிறது, அவ்வளவுதான். மணி அடிக்கும்போதெல்லாம் ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் பாடம் படித்துக்கொள்ளும். அடுத்த முறை மணி இன்னும் சத்தமாக அடிக்கும். ஓடாமல் இருந்தால் பயம் ஏறும், உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். இறங்கும் என்பதை அவன் உடம்பு கற்றுக்கொள்ள வேண்டும். ஆகவே படிப்படியாக ஏறச் சொன்னார். அவன் ஒரு நாற்பது பக்க நோட்டில் தன் பயங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டான். லிஃப்ட் 5. காலைப் பிரார்த்தனைக் கூட்டம் 8. பூங்கா 7. அவன் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் முந்திய வருஷம் அவனை விட்டுவிட்டு அங்கே போய் வந்திருந்தார்கள்.

அதனால் நாங்கள் போனது உல்லாசத்துக்கு அல்ல. வீட்டுப்பாடத்துக்கு.

வாசலைத் தாண்டியது வரை சரியாக இருந்தது. ரோலர் கோஸ்டருக்கு அவனேதான் க்யூவில் போய் நின்றான். இரும்புக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற க்யூ. முன்னால் நாற்பது பேர், பின்னால் அதே அளவு. தலைக்கு மேலே வண்டி ஒவ்வொரு முறை சரியும்போதும் கூட்டமாக அலறல். பாதித் தூரத்தில் அவன் என் சட்டையைப் பிடித்தான். கை சில்லென்று இருந்தது.

நான் சொன்னேன்: 'ஒண்ணும் இல்லடா. சின்னப் பசங்கல்லாம் போறாங்க பாரு.'

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். 'பையன் பயந்துட்டான் போல சார்.' பரிகாசம்கூட இல்லை, சும்மா சொன்னதுதான். ஆனால் எனக்கு முகம் சுட்டது. க்யூ நகர்ந்தது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்து ஓர் அடி முன்னால் இழுத்தேன்.

அந்த ஓர் அடியைப் பற்றி எழுதத்தான் இதை எழுதுகிறேன். அது அவனுக்காக எடுத்த அடி அல்ல. பின்னால் நின்றவருக்காக எடுத்தது.

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். வெளியே கம்பி ஓரமாக நின்றிருந்த என் மனைவி குனிந்து உள்ளே வந்து அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். 'ஒண்ணும் இல்ல' என்று அவள் சொல்லவில்லை. 'வந்திருக்கா? சரி, இருக்கட்டும். நான் இங்கதான் இருக்கேன்' என்றாள். ஜனங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்; எனக்குச் செய்யத் தெரிந்தது அதுதான். பன்னிரண்டு நிமிஷம். அவன் எழுந்தான். நான் வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். அவன் அம்மாவைப் பார்த்தான். 'இப்பப் போனா ஓடினதாயிடும்' என்றான். வாகை மரத்தடியில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

அந்தப் பெஞ்சில்தான் எனக்குத் தொல்காப்பியம் ஞாபகம் வந்தது. வாத்தியார் வேலை பார்ப்பவனின் சாபம் இது, எந்த நெருக்கடியிலும் பாடம் ஞாபகம் வரும். மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு காரணம் சொல்கிறது: வருத்தும் தெய்வம், விலங்கு, கள்வர், தலைமேல் இருக்கிற இறை. நான்குமே வெளியே இருப்பவை. சுட்டிக் காட்டலாம், விலகிப் போகலாம், இரக்கலாம், காவல் போடலாம். அச்சத்துக்குக் குறிப்பான பொருள் உண்டு, பதைப்புக்கு அது இல்லை என்று கீர்க்கெகார்ட் 1844-ல் பிரித்தார். ஃப்ராய்டும் 1920-ல் ஏறத்தாழ அதே கோட்டைத்தான் போட்டார். இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். என் பையனிடம் இருப்பது அந்த நான்கிலும் அடங்காத ஐந்தாவது என்று மட்டும் எனக்குத் தோன்றியதில்லை. 'ஒண்ணும் இல்லடா' என்று நான் சொல்லி வந்ததெல்லாம் அந்த நான்குக்கான பதில். அங்கே ஒன்றும் இல்லை என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒன்றும் இல்லாமலே வருகிறது என்பதுதான் அவன் பயமே.

எதிரே இருந்த இயந்திரம் இதற்கு நேர் மறுபக்கம். அதன் சரித்திரம் வினோதமானது. ருஷ்யாவில் குளிர்காலத்தில் மரச்சட்டத்தின் மேல் பனிக்கட்டி உறைய வைத்துச் சறுக்கி விளையாடினார்கள். 1817-ல் பாரிஸ்காரர்கள் அதற்குச் சக்கரமும் தடமும் வைத்து 'ருஷ்ய மலை' என்று பெயர் கொடுத்தார்கள். 1884-ல் நியூயார்க்கின் கோனி தீவில் தாம்ஸன் என்பவர் மணிக்கு ஆறு மைல் வேகத்தில் ஒன்றை ஓட்டி, தலைக்கு ஐந்து செண்ட் வசூலித்தார். இன்றும் பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் அதன் பெயர் ருஷ்ய மலைதான். ருஷ்ய மொழியிலோ அது 'அமெரிக்க மலை'. பயத்தை யாரும் தன் ஊர்ச் சரக்கு என்று ஒப்புக்கொள்வதில்லை.

நான் சின்ன வயதில் ஏறியது திருவிழா ரங்கராட்டினம். நான்கு மரப்பெட்டி, ஓர் ஆள் கையால் சுற்றுவான். அலறல் ஒரு மாதிரி மாறினால் அவனுக்குத் தெரிந்துவிடும். கட்டையைப் பிடித்து நிறுத்தி, 'இறங்குறியா?' என்று கேட்பான். பயத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு காது இருந்தது. மோட்டாருக்குக் காது கிடையாது, கணக்கு உண்டு. இங்கே எல்லா அலறலும் ஒரே அலறல்.

க்யூவுக்கும் காது கிடையாது. வெளிநாட்டில் இதை யோசித்திருக்கிறார்கள். டிஸ்னி பூங்காக்களில், நிற்க முடியாதவர்கள் க்யூவுக்கு வெளியே காத்திருந்து தங்கள் முறைக்கு வர 2013-ல் ஓர் ஏற்பாடு செய்தார்கள். 2024-ல் அதை ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாட்டால் நிற்க முடியாதவர்களுக்கு என்று சுருக்கினார்கள். பொய் சொல்லிச் சலுகை வாங்கியவர்களும் உண்டு, அதனால் அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் எல்லை எங்கே போட்டாலும் என் மகன் போன்றவர்கள் அதன் மேலேயே நிற்பார்கள். அவர்களிடம் காட்டுவதற்கு அடையாளம் இல்லை. மூன்று மணிக்குச் சாதாரணப் பையன். மூன்று ஐந்துக்குச் சாகிறவன். மூன்றரைக்கு மறுபடியும் சாதாரணப் பையன். இதை எந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறவர் நம்புவார்? பெற்ற நானே இழுத்தேன்.

அவன் புளியோதரை தின்றுகொண்டே வண்டியின் நேரத்தைக் கணக்குப் போட்டான். ஐந்து முறை பார்த்தான். 'ஒரு நிமிஷம் நாப்பது செகண்ட்ப்பா. எப்பவும் அதேதான்' என்றான். பிறகு, 'எதுக்குப்பா காசு குடுத்துப் பயப்படறாங்க?' என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. 'நீ போயிட்டு வந்து சொல்லு' என்றான்.

போனேன். மடிமேல் கம்பி வந்து அழுத்தியபோதே வயிறு கலங்கிவிட்டது. உச்சியில் கடல் ஒரு கணம் தெரிந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை. நானும் எல்லோருடனும் அலறினேன். இறங்கும்போது முழங்கால் நடுங்கியது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தேன். வெட்கமில்லாமல், உயிர்பிழைத்த சந்தோஷம்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

'பயமா இருந்திச்சா?'

'ரொம்ப.'

'ஆனா முடிஞ்சிரும்னு உனக்குத் தெரியும்ல?'

'தெரியும்.'

'எனக்கு வர்றப்ப அது தெரியாதுப்பா.'

குறை சொல்கிற குரல் இல்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று சரிபார்த்துக்கொள்கிற குரல். நான் 'உன்னை இழுத்திருக்கக் கூடாது' என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு இலையை மடித்தான்.

அன்றைக்கு அவன் எதிலும் ஏறவில்லை. பஸ்ஸில் வரும்போது நோட்டை எடுத்து, பூங்கா என்ற வரியை அடித்துவிட்டு அதை மூன்றாகப் பிரித்து எழுதினான். உள்ளே நுழைவது 4. பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பது 3. க்யூ 9. பூங்காவுக்கு ஏழு என்று போட்டிருந்தவன் க்யூவுக்கு ஒன்பது போட்டதில் எனக்கு ஏமாற்றம்தான். மருத்துவர் நோட்டைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். மொத்தமாக இருந்தது பிரிந்துவிட்டது என்றார். கூடுதலான அந்த இரண்டு மதிப்பெண் யாருடையது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

இப்போது அவன் என்னைவிட உயரம். பீதி இன்னும் வருகிறது, முன்போல அடிக்கடி இல்லை. வந்தால் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். கடிகாரத்தைப் பார்த்து நிமிஷங்களைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். பன்னிரண்டைத் தாண்டியது அபூர்வம். முடியும் என்பதை அவன் அறியாத அந்த நேரத்தில் வீட்டில் ஒருவனுக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். என் வேலை அவ்வளவுதான் என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு டிக்கெட் தேவைப்பட்டது.