மூன்று வருடம் என்று எழுதும் முன்

டிசைனர் வேலைக்கு வரும் விண்ணப்பங்களில் முதலில் ஊதிப் பெருப்பது வருடக் கணக்குதான். கல்லூரி கடைசி வருடத்தில் மாமா கடைக்குப் போட்டுக் கொடுத்த லோகோ, ஆறு மாத இன்டர்ன்ஷிப், கல்ச்சுரல்ஸ் போஸ்டர் எல்லாவற்றையும் கூட்டி, கொஞ்சம் தாராளமாக எழுதி, ‘மூன்று வருட அனுபவம்’ என்று தலைப்பில் வந்து நிற்கும். அதன் கீழே போட்டோஷாப் 95 சதவீதம், இல்லஸ்ட்ரேட்டர் 90 சதவீதம் என்று வரிசையாகப் பட்டைகள். போட்டோஷாப் வெளிவந்தது 1990-இல். அன்றிலிருந்து அதிலேயே உட்கார்ந்திருப்பவர்கள்கூட எத்தனை சதவீதம் தெரியும் என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.

சென்னையில் உணவுப் பொருட்களுக்கான பேக்கேஜிங் டிசைன் செய்கிறேன். ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னிடம் இருப்பதால் இந்த விண்ணப்பங்களை நிறையப் படிக்கிறேன். எழுதியவர்கள் மீது எனக்குக் கோபம் வருவதில்லை. ‘ஃப்ரெஷர்கள் விண்ணப்பிக்கலாம், இரண்டு வருட அனுபவம் அவசியம்’ என்று ஒரே விளம்பரத்தில் போடுகிறவர்கள் நம் துறையில்தான் இருக்கிறார்கள். கோர்ஸ் நடத்துகிற இடத்திலேயே “ரெண்டு வருஷம்னு போட்டுக்கோ, அப்பதான் கூப்பிடுவாங்க” என்று சொல்லி அனுப்புகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு லெட்டர்ஹெட்டில் அனுபவச் சான்றிதழ் அடித்துத் தருகிற ஆட்களும் உண்டு. வீட்டில் கல்விக் கடன் தவணை, ஐடியில் சேர்ந்த பெரியப்பா மகனோடு ஒப்பீடு. இருபத்திரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? காரணம் புரிகிறது. ஆனால் அந்தப் பொய்யால் அதிகம் இழப்பது அந்தப் பிள்ளைதான் என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

போர்ட்ஃபோலியோவில் ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட் இருக்கும். மாக்கப்பில் நிழல் விழ, பக்கத்தில் நாலு காய்ந்த மிளகாயோடு அழகாக நிற்கும். “இதோட ஓப்பன் ஃபைலைக் காட்டுங்க” என்பேன். ஃபைல் திறந்ததும் என் கண் போகிற இடங்கள் சில உண்டு. ஓரங்களில் சூடு வைத்து ஒட்டுகிற சீல் பகுதி விட்டிருக்கிறதா, அங்கே எழுத்து எதுவும் ஏறாமல் இருக்கிறதா? ஐ மார்க் இருக்கிறதா? ரோலாக ஓடும் ஃபிலிமை எந்த இடத்தில் வெட்டுவது என்று மெஷினின் சென்சாருக்குக் காட்டுகிற சின்ன அடர்நிறக் கட்டம் அது. எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண்ணின் 14 இலக்கமும் நெரிசல் இல்லாமல் உட்கார இடம் இருக்கிறதா? பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமாக இருக்கும் சைவக் குறி எங்கே? பேட்ச் எண், தேதி, விலை ஆகியவற்றைப் பிறகு மெஷினில் அடிக்க வெற்றிடம் விட்டிருக்கிறதா? பொடி எழுத்து ஒரே கறுப்பில் இருக்கிறதா, நாலு நிறமும் கலந்த கறுப்பில் இருக்கிறதா? கலந்திருந்தால், அச்சில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்ட்ரேஷன் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சேர்மானப் பட்டியலை யாரும் படிக்க முடியாது.

ஒரே ஒரு பாக்கெட்டையாவது அச்சு வரைக்கும் கொண்டுபோனவருடைய ஃபைலில் இவையெல்லாம் தானாகவே இருக்கும். கொண்டுபோகாதவருடைய ஃபைலில் இருக்காது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இது எந்தக் கல்லூரியிலும் முழுதாகச் சொல்லித் தரக்கூடிய விஷயம் அல்ல. பிரஸ்ஸில் நின்று, புரூஃபைக் கையில் வைத்துப் பார்த்து, திட்டு வாங்கித்தான் வரும்.

பேக்கேஜிங்கில் மூன்று வருடம் என்று எழுதிக்கொண்டு ஒரு தம்பி வந்தார். நிறத் தேர்வு அருமை. பாக்கெட்டின் பெயரைத் தமிழில் அவரே வரைந்திருந்தார். ‘ழ’வின் வால் கீழே இறங்கித் திரும்பிய விதத்தில் நல்ல கை தெரிந்தது. “ஐ மார்க் எங்க வைப்பீங்க?” என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. “அது பிரிண்டர் பாத்துப்பாங்க சார்” என்றார். அடுத்து அச்சு சிலிண்டரைப் பற்றிக் கேட்டேன், அதற்கும் அப்படியே ஏதோ சொன்னார். புதிதாக வருகிறேன் என்று சொல்லியிருந்தால் அந்த இரண்டு கேள்விகளையும் நான் கேட்டிருக்கவே மாட்டேன். அந்த ‘ழ’வைப் பற்றிப் பேசியிருப்போம். எப்படி வரைந்தார், எதைப் பார்த்து வரைந்தார், எத்தனை தடவை அழித்தார் என்று கேட்டிருப்பேன். அவரிடம் இருந்த உண்மையான திறமை பேசப்படாமலே நேர்காணல் முடிந்தது.

இது பிடிபட்ட கதை. பிடிபடாமல் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவருக்கு முதல் இரண்டு வருடம் ஒரு பெரிய சலுகை உண்டு: எதை வேண்டுமானாலும், யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். “ஓவர்பிரிண்ட்னா என்ன அண்ணா?”, “இந்த ஃபிலிமுக்கு ஏன் வெள்ளை தனியா போடுறோம்?”, “கிளையன்ட் ரெட்டைக் கொஞ்சம் ஏத்துன்னா எவ்வளவு ஏத்தணும்?” இப்படிக் கேட்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து காட்டித் தருகிற அண்ணன்களும் அக்காக்களும் எல்லா ஸ்டுடியோவிலும் இருக்கிறார்கள். மூன்று வருடம் என்று எழுதிச் சேர்ந்தவர் அந்தச் சலுகையின் கதவைத் தன் கையாலேயே அடைத்துவிடுகிறார். ஒன்றும் இல்லாத சந்தேகத்தைக்கூட இரவில் யூடியூபில் தேடிக்கொண்டிருப்பார். பக்கத்து மேசையில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும் பதில் அவருக்கு மட்டும் கிடைக்காது.

எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் நடந்தது. மசாலா பாக்கெட் போன்ற பிளாஸ்டிக் ஃபிலிம் வேலைகள் பெரிய அளவில் போகும்போது பெரும்பாலும் கிராவ்யூர் முறையில் அச்சாகின்றன. நிறத்துக்கு ஒரு சிலிண்டர்; செம்பு பூசிய உருளையில் நுண்ணிய குழிகள் பறித்துச் செய்வது. ஃபிலிமில் ஒளி ஊடுருவும் என்பதால் நிறங்களுக்குப் பின்னால் வெள்ளையும் ஒரு நிறமாக அச்சாக வேண்டும். அதற்கும் தனி சிலிண்டர். மூத்தவர் என்ற கணக்கில் எடுக்கப்பட்ட ஒருவர், வெள்ளைக்கான லேயரில் பிராண்ட் பெயருக்குப் பின்னால் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தே விட்டுவிட்டார். திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. மூத்தவர் பார்த்தது என்பதால் வேறு யாரும் மறுபடி பார்க்கவில்லை. பாக்கெட்டில் மஞ்சள்தூளை நிரப்பியதும் க்ரீம் நிற எழுத்து மஞ்சளுக்குள் கரைந்துபோனது. வெள்ளை சிலிண்டரைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று, அச்சான ஃபிலிமும் வீண். ஜூனியராகச் சேர்ந்திருந்தால் அந்த ஃபைல் ஒரு மூத்தவரின் கண்ணைத் தாண்டாமல் வெளியே போயிருக்காது. புதியவரைக் காப்பாற்றும் ஏற்பாடு ஒன்று எல்லா ஸ்டுடியோவிலும் இருக்கிறது. பொய் சொன்னவர் அதற்கு வெளியே தனியாக நிற்கிறார்.

ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்பு அண்ணா சாலைக்குச் சினிமா பேனர் வரைந்த பட்டறைகளில் அனுபவம் என்பது செய்யும் வேலையில் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் நிறம் கலப்பான், தூரிகை கழுவுவான், கட்டம் போடுவான். பிறகு பின்னணி, அப்புறம் உடை. நடிகரின் முகத்தைப் பெரியவர் போடுவார். முகத்தைத் தொட விட்டார்கள் என்றால் அதுதான் பதவி உயர்வு. எத்தனை வருடம் என்பதற்கு அங்கே பெரிய மதிப்பு கிடையாது. நம் விண்ணப்பங்களிலும் செய்த வேலையின் கணக்குதான் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

ஊதிப் பெருக்குவதற்கு நேர் எதிரான நோய் ஒன்றும் இருக்கிறது. அதுதான் என்னை இன்னும் அதிகமாக வருத்துகிறது. விருதுநகர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அனுபவம் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, படிக்கிற காலம் முழுக்கச் சாயங்காலங்களில் சித்தப்பாவின் டிடிபி சென்டரில் உட்கார்ந்திருக்கிறார். “அங்க என்னம்மா செய்வீங்க?” என்று கேட்டேன். “கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அவ்வளவுதான் சார்” என்றார்.

அவ்வளவுதானா? ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குடும்பம், நாலு தாத்தா பாட்டி, தாய்மாமன்கள், படிப்புப் பட்டங்கள், இரண்டு முகூர்த்த நேரம், மண்டபத்துக்கு வழி. எவர் பெயர் மேலே, எவர் பெயர் எந்த அளவில் என்பதில் ஒரு பாயின்ட் தவறினாலும் வீட்டில் சண்டை. அத்தனையையும் ஒரே தாளில், எல்லாரும் ஒப்புக்கொள்ளும்படி அடுக்குவதுதானே லேஅவுட்? அதுவும் வாடிக்கையாளர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து “அதைக் கொஞ்சம் மேல தூக்கும்மா” என்று சொல்லிக்கொண்டிருக்க. கண்ணீர் அஞ்சலிக்கு ராத்திரி பத்து மணிக்கு வருவார்கள். வாக்காளர் அட்டையிலிருக்கும் தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கி, துலக்கி, விடிவதற்குள் போஸ்டராகக் கொடுத்தாக வேண்டும். அழுதுகொண்டிருக்கிற மனிதரிடம் பெயரையும் வயதையும் சரிபார்த்து வாங்க வேண்டும். பழைய எழுத்துருவில் இருக்கும் ஃபைலை யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் எங்கே இடம் மாறும் என்பது அந்தப் பெண்ணுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. டாம், டாப் என்று 1999-இல் தமிழக அரசு அறிவித்த எழுத்துக் குறியீட்டு முறைகளில் தொடங்கி, கடைக்கொரு எழுத்துருவில் சேர்த்துவைத்த ஃபைல்கள் இன்றும் எத்தனையோ பிரஸ்களில் கிடக்கின்றன. அவற்றைப் பிழையில்லாமல் எடுத்துத் தரத் தெரிந்தவர்கள் குறைவு.

ஏன் இதை எழுதவில்லை என்று கேட்டதற்கு, “அது டிசைன் இல்லையே சார்” என்றார். யார் அப்படிச் சொல்லிக் கொடுத்தது? இருப்பதை மறைக்கச் சொல்வதும், இல்லாததைக் காட்டச் சொல்வதும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஆங்கிலத்தில் அழகாகப் பேசி, மாக்கப் போட்டுக் காட்டுவதுதான் டிசைன் என்ற நினைப்பு அது.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: வருடத்தை விட்டுவிட்டு வேலையை எழுதுங்கள். எது உங்கள் கை, எது இன்னொருவர் கை என்று பிரித்து எழுதுங்கள். ‘ஐடியா ஆர்ட் டைரக்டருடையது, அதைப் பதினான்கு அளவுகளுக்கு மாற்றியது நான்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அவரை உடனே கூப்பிடுவேன். அளவு மாற்றுகிற வேலையில் எவ்வளவு யோசனை வேண்டும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். மாமா கடை லோகோ என்றால் மாமா கடை லோகோ என்றே எழுதுங்கள். பிறகு அது போர்டில் ஏறியபோது எப்படி இருந்தது, பில் புக்கில் சின்னதாக அடித்தபோது என்ன ஆயிற்று என்று இரண்டு வரி சேருங்கள். அந்த இரண்டு வரிக்குத்தான் மதிப்பு.

சம்பளத்துக்கு வருகிறேன். அதிகம் கேட்பது பொய் ஆகாது. கேட்பது உங்கள் உரிமை, குறைத்துப் பேசுவது அவர்கள் வேலை. முந்தைய சம்பளத்தை ஏற்றிச் சொல்வதுதான் பொய், அது நிற்கவும் நிற்காது. மூன்று மாத பேஸ்லிப், ஃபார்ம் 16 கேட்பார்கள். 2014 முதல் பிஎஃப் கணக்குக்கு யுஏஎன் என்ற ஒரே எண் இருக்கிறது. பிஎஃப் பிடித்த எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தோம், எப்போது விலகினோம் என்பது அதில் பதிவாகிவிடுகிறது. வருடக் கணக்கை ஊதியவர்களும் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

கேட்கும் முன் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். சிடிசி, அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, ஆண்டுக்கு 3,60,000 என்றதும் வீட்டில் மாதம் முப்பதாயிரம் என்று சொல்லிவிடுகிறீர்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் கட்டும் 12 சதவீத பிஎஃப், அதாவது 1,800 ரூபாய், பெரும்பாலும் அந்த முப்பதாயிரத்துக்கு உள்ளேதான் இருக்கிறது. கிராஜுவிட்டி என்று 4.81 சதவீதம், 720 ரூபாய்ச் சொச்சம், பல இடங்களில் அதுவும் உள்ளேதான். உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800. தொழில்வரியும் போனால் கைக்கு வருவது 25,500-ஐ ஒட்டி. வாடகை, சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் இதிலிருந்துதான். அதனால் “டேக் ஹோம் எவ்வளவு வரும் சார்?” என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். இன்னொன்றையும் கேளுங்கள்: “ஆறு மாசத்துல நான் தனியா ஒரு பாக்கெட்டை அச்சு வரை கொண்டுபோயிட்டா, சம்பளத்தை மறுபடி பேசலாமா?” இதை ஆஃபர் லெட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லாத வருடத்தைக் காட்டிக் கேட்கிற ஐயாயிரத்தைவிட இந்த ஒரு வரியால் கிடைப்பது அதிகம், அதோடு நிம்மதியாகத் தூங்கவும் செய்யலாம்.

ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கும் என் சக டிசைனர்களிடமும் ஸ்டுடியோ நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். சம்பளத்தை விளம்பரத்திலேயே போடுங்கள். ஜூனியர் வேண்டுமென்றால் ஜூனியர் என்று மட்டும் எழுதுங்கள், வருடம் கேட்காதீர்கள். டெஸ்ட் என்ற பெயரில் நிஜ கிளையன்ட் வேலையைச் சும்மா வாங்கிக்கொள்ளாதீர்கள். செய்யச் சொன்னால் அதற்குக் காசு கொடுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். நேர்காணலில் ஒரு பிள்ளை “தெரியாது சார், கத்துக்கறேன்” என்று சொன்னால் அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போடுங்கள்.