மூடிக்குள் ஒரு புழு

ஒரே பெட்டிக்குள் பல்லாயிரம் தேனீக்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. புழு அடையில் இரவும் பகலும் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் சூடு. உணவோ ஒன்றன் வாயிலிருந்து இன்னொன்றின் வாய்க்குப் போகிறது. கிருமிக்கு இதைவிட வாகான இடம் அமையாது. அப்படியும் தேனீக் குடும்பம் பிழைத்திருப்பதற்கு அதன் சுத்தமே காரணம் என்பார்கள். அது பாதி உண்மைதான். துப்புரவு எந்த வேளையில் நடக்கிறது என்பதில்தான் குடும்பத்தின் உயிர் இருக்கிறது.

அமெரிக்கன் ஃபவுல்புரூட் என்ற பாக்டீரியா நோயை எடுத்துக்கொள்ளலாம். இளம்புழு உணவோடு விழுங்கும் நுண்வித்து அதன் குடலில் முளைத்துப் பெருகுகிறது. அறை மெழுகால் மூடப்பட்ட பிறகே புழு பெரும்பாலும் சாகிறது. வித்து விளைவதற்குள் அதை வெளியேற்றிவிட்டால் நோய் அங்கேயே நின்றுவிடும். பிந்தினால் அந்த ஒற்றை உடலில் நூறு கோடிக்கும் மேற்பட்ட வித்துகள்; பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கக்கூடியவை. துப்புரவுக் குணமுள்ள குடும்பத்தையும் அது இல்லாத குடும்பத்தையும் கலந்து வளர்த்துப் பார்த்த வால்டர் ராத்தன்புலர், 1964இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கலப்பில் வந்த சில குடும்பங்கள் மூடியைத் திறந்தன, புழுவைத் தொடவில்லை. வேறு சில, மனிதர் மூடியைத் திறந்து கொடுத்தபின் புழுவை அகற்றின. கண்டுபிடித்துத் திறப்பது வேறு, இழுத்துப் போடுவது வேறு. இரண்டும் ஒரே குடும்பத்தில் கூடினால்தான் நேரத்தில் வேலை முடியும். புழுவைச் சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகச் செய்யும் பூஞ்சை நோயிலும் இதே முந்துதலைக் காணலாம். அந்தப் பூஞ்சைக்குக் குளிர்ச்சி வேண்டும். 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பூஞ்சை ஊட்டப்பட்ட குடும்பம் புழுக்கள் சாவதற்கு முன்பே அடையின் வெப்பத்தைக் கூட்டியது. குடும்பத்துக்கே வந்த காய்ச்சல் அது.

துப்புரவு செய்யும் தேனீயே நோயைச் சுமந்து போகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாக்புரூட் வைரஸ் அப்படித்தான் பரவுகிறது: செத்த புழுவை அகற்றும் இளந்தேனீயின் உணவுச் சுரப்பிகளில் ஏறி, அது ஊட்டும் அடுத்த புழுவுக்குப் போய்விடுகிறது. 1990களின் தொடக்கத்தில் இவ்வைரஸின் தாய்லாந்து வகை தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீக் குடும்பங்களை வாரிக்கொண்டு போனது. மார்த்தாண்டம் பகுதித் தேனீ வளர்ப்பாளர்கள் பெட்டி பெட்டியாக இழந்தார்கள். ஆகவே கூட்டுக் காவல் எல்லா நோயையும் வெல்லும் என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் இந்த அழிவு என் வாதத்தை உடைக்கவில்லை. புழு கிருமியால் நிரம்பிய பிறகு வரும் துப்புரவு காவலாகாது என்பதைத்தான் காட்டுகிறது.

அதே அடுக்குத் தேனீ வரோவா உண்ணியிடம் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. ஐரோப்பியத் தேனீயின் பணித்தேனீப் புழு உண்ணி கடித்தாலும் பெரும்பாலும் தாக்குப்பிடித்து வளர்கிறது. மூடிக்குள் உண்ணியும் குஞ்சு பொரிக்கிறது. அடுக்குத் தேனீயின் பணித்தேனீப் புழு அவ்வளவு தாங்குவதில்லை. சீக்கிரம் நலிந்து சாகிறது, அக்காமார் மூடியைக் கிழித்து இழுத்துப் போடுகிறார்கள், உண்ணியின் குஞ்சுகள் வளர இடமின்றிப் போகின்றன. நோஞ்சானாகத் தெரிந்த புழுதான் குடும்பத்துக்கு முதலில் சேதி சொல்கிறது.