ஓதிப் பார்த்தாயா?

அந்தக் கவிதைத் தொகுதியின் ஒரு பிரதி இன்னும் எனது அலுமாரியில் இருக்கிறது. அதன் சமர்ப்பணப் பக்கத்தைத் தடவிப் பார்த்தால் விரலில் ஒரு மேடு தட்டும். சாதாரணமாகப் புரட்டிச் செல்லும் வாசகர் கவனிக்கமாட்டார். மெல்லிய வெள்ளைக் கடதாசித் துண்டொன்றில் ஓர் ஆயத் அச்சிடப்பட்டு, அதே ஆயத்தின் மேல் ஒட்டப்பட்டிருக்கிறது. 500 பிரதிகளிலும் அப்படித்தான். அந்த 500 துண்டுகளுக்கும் காரணகர்த்தா நான்தான்.

2009 ஆம் ஆண்டு அது. பகலில் பாடசாலை, இரவில் கணினி என்று நான் ஓடிக்கொண்டிருந்த காலம். ஊரில் யாராவது புத்தகம் போடுவதென்றால் பக்க வடிவமைப்பு என்னிடம்தான் வரும். அந்தத் தொகுதியின் ஆசிரியர் எனக்கு எட்டாம் ஆண்டில் தமிழ் படிப்பித்தவர். ஓய்வுபெற்றபோது கையில் கிடைத்த பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, முப்பது வருடக் கவிதைகளை நூலாக்க வந்தார். மௌத்தாகிப்போன மனைவிக்குச் சமர்ப்பணம். அவரது பெயருக்குக் கீழே ஒரு சிறிய ஆயத். அவர் என்னிடம் கேட்ட அலங்காரம் அவ்வளவுதான்.

வழக்கமாக அரபு வரும் இடங்களில் நான் ஒரு தந்திரம் செய்வேன். வசனத்தை வேறொரு மென்பொருளில் தட்டி, படமாக மாற்றி, பக்கத்தில் கொண்டுவந்து ஒட்டிவிடுவேன். அச்சகத்துக்கு அனுப்புகிற இரவு சேர் தொலைபேசியில் பேசி, வேறோர் ஆயத் போடச் சொன்னார். நேரம் ஒரு மணியைத் தாண்டியிருந்தது. படமாக்கப் பஞ்சிப்பட்டு, எழுத்தாகவே எடுத்து ஒட்டினேன். திரையில் அது ஒரு மணி அளவில் சின்னதாகத் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

வெளியீட்டுக்கு முதல்நாள் அஸருக்குப் பிறகு, ஆசியுரை வழங்கவிருந்த மௌலவியிடம் ஒரு பிரதியைக் கொண்டுபோனேன். அட்டையைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்றார். சமர்ப்பணப் பக்கத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

“இத நீ ஓதிப் பாத்தியா தம்பி?”

நான் குனிந்து பார்த்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றும் கையை விட்டுவிட்டுத் தனித்தனியே நின்றன. முதல் எழுத்து இடது பக்கத்தில் இருந்தது. வலப்பக்கமிருந்து ஓதத் தொடங்கினால் கடைசி எழுத்துத்தான் முதலில் வாய்க்கு வந்தது. குர்ஆன் மத்ரஸாவில் முதல் வருடம் ஓதுகிற பிள்ளைக்கும் விளங்கும் பிழை.

“இல்ல ஹஸரத்” என்றேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அன்றிரவு சேருடைய வீட்டு விறாந்தையில் பாயை விரித்து உட்கார்ந்தோம். அவரது இரண்டு மகள்மார், மருமகன், நான், என் தம்பி. சரியான வசனத்தை அச்சிட்டு, ஒவ்வொன்றாகக் கத்தரித்து, பசை தடவி ஒட்டினோம். சுபஹுக்கு வாங்கு சொல்லும்போது கடைசிக் கட்டு முடிந்தது. சேர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இடையிடையே இஞ்சிப் பிளேன்ரீ மட்டும் ஊற்றித் தந்தார்.

நடந்ததன் காரணத்தைப் பிறகுதான் தேடிப் படித்தேன். பெரும்பாலான அரபு எழுத்துகளுக்குத் தனியே நிற்கும்போது ஒரு வடிவம். சொல்லின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் வேறு வேறு வடிவம். ஓட்டமோ வலமிருந்து இடம். இந்த இரண்டு விதியையும் அறியாத மென்பொருள், எழுத்துகளைக் கழற்றி, ஆங்கிலத்தைப்போல இடமிருந்து அடுக்கிவிடும். தமிழுக்கும் இதே கதிதான். ‘கொ’ என்பதை யுனிகோட் முறையில் கணினி முதலில் க, பிறகு ஒகரக் குறி என்று நினைவில் வைக்கிறது. காட்டும்போது அந்தக் குறி இரண்டாகப் பிளந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். விதி தெரியாத மென்பொருளில் கொம்பு தன் எழுத்தைக் காணாமல் புள்ளி வட்டமொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும்.

அப்படியானால் இத்தனை வருடமாக நாம் தமிழ்ப் புத்தகம் போட்டது எப்படி? பாமினியால். அந்த எழுத்துருவில் ‘வாப்பா’ என்று எழுத நாம் தட்டுவது டி, எச், ஜி, அரைப்புள்ளி, ஜி, எச். கணினிக்கு அது அர்த்தமில்லாத ஓர் ஆங்கிலச் சொல். ஆங்கில எழுத்துக்கு நாம் தமிழ்ச் சட்டை போட்டுவிட்டிருக்கிறோம், அவ்வளவுதான். அதனால் எந்த மென்பொருளிலும் அது உடையவில்லை. மென்பொருளை ஏமாற்றிவிட்டோம் என்று அன்று பெருமைப்பட்டோம்.

அந்தப் பெருமைக்கு விலை பிறகு தெரிந்தது. நமது சிற்றிதழ்களில் பல பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டவை. 1985 இல் அல்டஸ் நிறுவனம் வெளியிட்ட அந்த மென்பொருள் 1994 இல் அடோபியின் கைக்குப் போனது. அதன் கடைசிப் பெரும் பதிப்பு 2001 இல் வந்த 7.0. அதற்கு வாரிசாக வந்த இன்டிசைன், சீஎஸ் 6 வரைதான் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. பின்வந்த பதிப்புகள் திறப்பதில்லை. ஆக, நமது பழைய இதழ்களுக்கு இரண்டு பூட்டு. ஒன்று கோப்பின் பூட்டு. அதை எப்படியோ திறந்தாலும் உள்ளே இருப்பது டி, எச், ஜி. ஒரு மர்ஹூமின் பெயரைத் தேடினால் கணினி அப்படி யாரும் இல்லை என்கிறது.

2023 இன் ஆரம்பத்தில் கொழும்பில் ஒரு நண்பரின் காரியாலயத்தில் இளம் வடிவமைப்பாளர்கள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். கொதித்துப்போயிருந்தார்கள். முந்திய நவம்பரில் அடோபி மென்பொருள்களிலிருந்து பான்டோன் நிறத்தொகுதிகளிற் பெரும்பாலானவை நீக்கப்பட்டிருந்தன. வேண்டுமானால் தனிக் கட்டணம். பழைய கோப்புகளைத் திறந்தால் அந்த நிறங்கள் கறுப்பாகத் தெரிந்தன. பேச்சு 2013 க்குப் போனது. இனி மென்பொருளை விலைக்குத் தரமாட்டோம், மாதவாடகைதான் என்று அடோபி அறிவித்த வருடம் அது. ஃப்ரீஹான்ட் கதையும் வந்தது. 2005 இல் மக்ரோமீடியாவோடு சேர்ந்து அடோபியிடம் போய், 2007 இல் வளர்ச்சி நிறுத்தப்பட்ட மென்பொருள். அதை நம்பித் தொழில் செய்தவர்கள் 2011 இல் அமெரிக்காவில் வழக்கே தொடுத்தார்கள். ஒருவர் அஃபினிட்டிக்கு மாறிவிட்டதாகச் சொன்னார். ஒருமுறை காசு கொடுத்தால் போதும் என்றார். அது தொழில்முறை மென்பொருளே அல்ல, கென்வாவும் அல்ல என்று மற்றொருவர் மறுத்தார். தொழில்முறை என்றால் என்ன என்பதில் சண்டை சூடுபிடித்தது. நிறக்கட்டுப்பாடு என்றார் ஒருவர், அச்சுக்குப் போகும் கோப்பின் நம்பகம் என்றார் இன்னொருவர்.

எனக்கு அந்த ஐந்தாறு பேரின் கோபமும் நியாயமாகத்தான் பட்டது. தான் செய்த வேலையை நாளைக்கும் திறந்து பார்க்க முடிய வேண்டும் என்று ஒரு தொழிலாளி எதிர்பார்ப்பதில் பிழையில்லை. ஆனாலும் ஒரு கேள்வி கேட்டேன். 2019 இல் அஃபினிட்டி பப்ளிஷர் வந்தபோது அதில் வலமிருந்து இடம் ஓடும் எழுத்துக்கு இடமிருக்கவில்லையே, அரபு வந்தால் என்ன செய்கிறீர்கள் தம்பி?

“அதுக்கென்ன நானா, படமா ஒட்டினாப் போச்சு.”

எனக்குச் சேர் வீட்டு விறாந்தை கண்ணில் வந்து நின்றது. நிறம் கறுத்ததற்கு உலகமே சத்தம் போட்டது. எழுத்து உடைந்ததற்கு நாம் பசை வாங்கினோம். உடையாத எழுத்தை எதிர்பார்க்கலாம் என்பதே நமக்குத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை என்று யோசித்தால் பதில் கொஞ்சம் கூச்சமானது. நான் அந்தக் காலத்தில் பாவித்த மென்பொருள் எதற்கும் சல்லி கொடுத்ததில்லை. நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய சீடீயில் எல்லாம் இருந்தது. பிஸ்மில்லாஹ்வை முதற்பக்கத்தில் வைத்து நான் வடிவமைத்த அத்தனை புத்தகங்களும் களவுப் பிரதியில் உருவானவை. இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. ஒரு நிறுவனம் தன் வாடிக்கையாளர் யார் என்று கணக்கெடுத்தபோது நான் அதில் இல்லை. காசும் கொடுக்கவில்லை, முறைப்பாடும் எழுதவில்லை. எழுத்து உடைகிறது என்று ஒரு கடிதம் போட்டிருக்கலாம். அதற்குப் பதிலாகத் தந்திரம் கண்டுபிடித்தோம். தந்திரம் பலித்ததால் குறை வெளியே தெரியவில்லை.

நம் முன்னோர் இப்படி இருக்கவில்லை என்று நினைக்கிறேன். தமிழை அரபு எழுத்தில் எழுத முனைந்தபோது, அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய எழுத்துகளைச் செய்தார்கள். அரபுத்தமிழ் நூல்கள் கல்லச்சில் ஏறின. எழுதுபவரின் கை எப்படிச் சேர்த்து எழுதியதோ அப்படியே கல் பதித்தது. கருவிக்காக எழுத்தை உடைக்கவில்லை.

நாம் சும்மா இருந்த காலத்தில் வேறு சிலர் வேலை செய்திருக்கிறார்கள். 2012 இல் வந்த இன்டிசைன் சீஎஸ் 6 தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகளை ஏற்றது. பந்தி அமைப்பில் சரியான தெரிவைக் கொடுத்தால் கொம்பு தன் இடத்துக்குப் போய்விடும். ஈரானில் பிறந்த பெஹ்தாத் இஸ்ஃபஹ்போத் முன்னின்று வளர்த்த ஹர்ஃப்பஸ் என்ற இலவச நிரல், எழுத்துகளைச் சேர்க்கும் வேலையை மட்டும் செய்கிறது. பெயரிலேயே நமக்குத் தெரிந்த ‘ஹர்ஃப்’ இருக்கிறது. இன்று அன்ட்ரொயிட் தொலைபேசியில் நாம் தமிழ் வாசிப்பது அதன் உதவியால். பக்க வடிவமைப்புக்கான இலவச மென்பொருளான ஸ்கிரைபஸ், நீண்ட காலம் இந்த எழுத்துகளை உடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஓமான் நாட்டின் திறந்த மூல மென்பொருள் குழுவொன்று தமக்கு அரபு வேண்டும் என்று குந்தியிருந்து அதற்கு நிரல் எழுதியது. 2017 இல் சோதனைப் பதிப்பில் வந்து, 2024 ஜனவரியில் வெளியான 1.6 நிலைப்பதிப்பில் அது எல்லாருக்கும் கிடைத்தது. அரபை ஒழுங்காகச் சேர்க்கத் தெரிந்த அதே வழியால் தமிழும் உள்ளே வந்தது. அவர்கள் கேட்டார்கள், பிறகு செய்தார்கள். நாம் அதில் ஒரு வரியும் எழுதவில்லை.

சென்ற வருடம் சேருடைய மூத்த மகள் தொலைபேசியில் பேசினார். சேர் மௌத்தாகிச் சில வருடங்களாகிவிட்டன. வாப்பாவின் தொகுதியை மறுபடியும் போட வேண்டும் என்றார். “நீங்களே செய்யுங்க தம்பி” என்றார். அந்த ‘நீங்களே’யை நான் எதிர்பார்க்கவில்லை.

பழைய கோப்பை நம்பாமல் முழுவதையும் யுனிகோடில் புதிதாகத் தட்டினேன். ஸ்கிரைபஸில் பக்கங்களை அமைத்தேன். ஆயத்தைப் படமாக ஒட்டவில்லை, எழுத்தாகவே வைத்தேன். சேர்ந்து நின்றது. அட்டையின் நிறத்தைச் சரிசெய்வதில் இரண்டு இரவு போனது. அந்த விடயத்தில் கொழும்புத் தம்பிமார் சொன்னதில் உண்மை இருக்கிறது.

அச்சகத்துக்கு அனுப்ப முதல் சமர்ப்பணப் பக்கத்தைக் கடதாசியில் எடுத்தேன். கணினியை நிறுத்திவிட்டு, வுழூச் செய்துகொண்டு வந்து, வலப்பக்கமிருந்து விரலை வைத்து, எழுத்து எழுத்தாக ஓதிப் பார்த்தேன்.