மிஸ்ட் ஏறும் ஊர்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் பஸ்ஸில் பர்லியாறு தாண்டியதும் ஜன்னல் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். அதற்குமேல் வளைவுக்கு வளைவு குளிர் ஏறும். குன்னூருக்குக் கொஞ்சம் முன்னால் காட்டேரி. பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் பேயை நினைத்துச் சிரிப்பார்கள். அங்கே இருப்பது தோட்டக்கலைத் துறையின் பூங்கா. அதை ஒட்டிய மலைச்சரிவில், தேயிலைக்கும் மரங்களுக்கும் நடுவே சில வரிசை வீடுகள். அதுதான் நஞ்சப்பசத்திரம். கூலி வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போகிறவர்களின் ஊர். 2021 டிசம்பர் 8 வரை குன்னூரைத் தாண்டி இந்தப் பெயர் யாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இந்த ஊரைப் பற்றிச் சொல்வதென்றால் மிஸ்ட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூடுபனி என்றெல்லாம் மலையில் யாரும் சொல்வதில்லை. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அது மிஸ்ட்தான். மேகம் மேலேயிருந்து இறங்கும் என்பது சமவெளிக்காரர்களின் நினைப்பு. இங்கே அது கீழேயிருந்து ஏறும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். நடுவிலிருக்கும் பள்ளத்தாக்கு அடுப்படிப் புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. கீழே வெயில் உறைக்க உறைக்க, ஈரக்காற்று சரிவைப் பிடித்து மேலே வந்து, குளிர்ந்து, வெள்ளையாகத் திரண்டு நிற்கும். கூடலூர்ப் பக்கம் நனைவது ஆடியில். குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகைதான் மழை. அந்த மாதங்களில் காலை வெயிலை நம்பித் துணி காயப்போடுகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டுமே.

போன தடவை நான் போனது ஒரு மத்தியானம். பாதையோரத்தில் ஒரு அம்மா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். "நல்லா வெளிச்சமா இருக்குதுங்களே" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று. நிமிராமலே சொன்னார்: "இப்பத்தானுங்க. செத்த நேரம் நின்னு பாருங்க, உங்க கை உங்களுக்கே தெரியாது." நின்றேன். முதலில் கீழ்வரிசைச் சில்வர் ஓக் மரங்கள் காணாமல் போயின. பிறகு பாதை. பிறகு அந்த அம்மாவும். கொழுந்து கிள்ளும் 'டிக் டிக்' சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. நான் சரிவைப் பார்த்து நிற்கிறேனா, மேட்டைப் பார்த்து நிற்கிறேனா என்று காலை நகர்த்திப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காலுக்கடியில் மண் இருந்ததால் அது முடிந்தது.

2021 டிசம்பர் 8 அன்று காலை 11.48-க்கு, கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் ஒன்று கிளம்பியது. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் 12.15-க்கு இறங்க வேண்டும். 27 நிமிடப் பயணம். உள்ளே 14 பேர். முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் அவர் மனைவியும் அதில் இருந்தார்கள். வெலிங்டனிலுள்ள பாதுகாப்புப் படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரியில் ராவத் பேசவிருந்தார். ஓட்டியவர் விங் கமாண்டர் பிருத்வி சிங் சௌகான், ஆக்ராக்காரர். சூலூரின் 109-ஆவது ஹெலிகாப்டர் பிரிவுக்கே அவர்தான் தலைவர். 12.08 வாக்கில் சூலூர்க் கட்டுப்பாட்டு அறைக்கும் அவருக்கும் தொடர்பு அறுந்தது. இறங்க இன்னும் ஏழு நிமிடம்தான் பாக்கி.

மலை ரயில் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த செல்போன் வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. வெள்ளைக்குள் ஹெலிகாப்டர் நுழைகிறது. நுழைந்ததும் படம் முடிந்துவிடுகிறது, சத்தம் மட்டும் மிச்சம். அந்த அம்மாவின் தேயிலைக் கிள்ளலைக் கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது யார் என்று ஊருக்குத் தெரியாது. மரங்களை முறித்துக்கொண்டு விழுந்து எரிந்ததைப் பார்த்து ஓடினார்கள். தீயணைப்பு வண்டி வர வழியில்லாத இடம். குடத்திலும் பக்கெட்டிலும் தண்ணீர் போனது. வீட்டிலிருந்த கம்பளிகள் போயின. காயம்பட்டவர்களை அந்தக் கம்பளிகளில்தான் மேட்டுக்குத் தூக்கி வந்தார்கள். குளிர்காலத் தொடக்கத்தில் மலைவீட்டில் கம்பளி என்றால் என்ன என்று மலையில் ஒரு ராத்திரி தங்கியவர்களுக்குத் தெரியும். ராவத் உட்பட இறந்தவர்கள் யார் என்பதை விமானப்படை அறிவித்தபோது மாலை ஆறு மணி. சில நாள் கழித்து வந்த ராணுவ உயரதிகாரி ஒருவர், ஊரை ஓராண்டுக்குத் தத்தெடுப்பதாகவும் மாதந்தோறும் மருத்துவர் வருவார் என்றும் சொல்லி நன்றி கூறினார்.

உயிரோடு மீட்கப்பட்டு, ஒரு வாரம் போராடி டிசம்பர் 15-இல் பெங்களூரில் இறந்தவர் குரூப் கேப்டன் வருண் சிங். ஜெனரலை வரவேற்க வெலிங்டனிலிருந்து சூலூருக்குப் போயிருந்தவர். அன்றைக்கு வெறும் பயணி. 2020 அக்டோபரில் கட்டுப்பாடு இழந்த தேஜஸ் போர் விமானத்தை விட்டுக் குதிக்காமல் பத்திரமாகத் தரையிறக்கி சௌரிய சக்ரா பெற்ற கை அது.

'ஜெனரல் விழுந்த இடம் எது?' என்றுதான் வருகிறவர்கள் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஹெலிகாப்டரை இயக்கிய குழுவில் நான்கு பேர். சௌகானுக்குப் பக்கத்தில் இருந்தவர் ராஜஸ்தானின் ஜுன்ஜுனு மாவட்டத்து ஸ்குவாட்ரன் லீடர் குல்தீப் சிங். ஒடிசாவின் தால்ச்சேர் பக்கத்து ராணா பிரதாப் தாஸ், ஜூனியர் வாரன்ட் ஆபீசர். அதே பதவியில் திருச்சூர் பொன்னூக்கரையின் அறக்கல் பிரதீப். சூலூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அவர் ஊர். 2018 கேரள வெள்ளத்தில் மக்களைத் தூக்கிக் காப்பாற்றிய குழுவில் இருந்தவர்.

2022 ஜனவரியில் விபத்தை விசாரித்த குழு சொன்ன முடிவு இது: இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்குத் திசையும் சாய்வும் புரியாமல் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் மலையில் மோதியது. நாம் நிமிர்ந்து நிற்கிறோமா சாய்ந்திருக்கிறோமா என்பதை உட்காதிலுள்ள திரவம் மூளைக்குச் சொல்கிறது. அதைக் கண் சரிபார்க்கிறது. கண்ணுக்கு அடிவானம் கிடைக்காதபோது காது பொய் சொல்லும். அந்தப் பொய் உண்மையைப் போலவே இருக்கும். 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் 2017–22 காலத்து விமானப்படை விபத்துகள் 34 ஒரு பட்டியலாக வந்தன. குன்னூர் விபத்துக்கு நேராக எழுதியிருந்த காரணம்: மனிதத் தவறு, விமானக் குழு.

பட்டியலின் கட்டத்துக்குள் அவ்வளவுதான் எழுத முடியும் போலிருக்கிறது. முதல் அறிக்கையில் இருந்த மேகத்துக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. இந்தச் சரிவில் வீடு கட்டி வாழ்பவர்களிடம் கேட்டால், கையே தெரியாமல் போகும் என்பதைத்தான் முதலில் சொல்வார்கள்.

நான் நின்றிருந்த அன்று, கீழே எங்கோ ஊட்டியிலிருந்து இறங்கும் ரயிலின் சத்தம் கேட்டது. ரயில் தெரியவில்லை. கிள்ளும் சத்தம் நின்றது. ரயில் சத்தம் தேய்ந்து, முழுக்க அடங்கியபிறகு, மறுபடி 'டிக் டிக்' என்று ஆரம்பித்தது.