சாண்டுலீக் மீனுக்கு ஒரு கையறுநிலை

பெரிய மகெல்லன் முகிலில் பிறந்து, 1,68,000 ஒளியாண்டுத் தொலைவு கடந்து, உன் சாவுச் செய்தியை நீயே சுமந்து வந்த விண்மீனே! உனக்காக அழ இங்கு யார் உளர்? அந்தமானின் ஜங்லிகாட் மீன் இறங்குதுறையில் நின்று தென்திசை நோக்கினும், நீ வாழ்ந்த இடம் அடிவானுக்கு மேல் 9 பாகையே எழும். வாழ்ந்த நாளில் வெறுங்கண்ணுக்கு நீ தோன்றியதில்லை; வானியலாளர் சாண்டுலீக் தொகுத்த அட்டவணையில் ஓர் எண்ணாய் இருந்தாய். மாய்ந்த பின்னரே உலகு உன்னை அறிந்தது. அந்தோ!

நீ தனியாய்ப் பிறக்கவில்லை, இருவராய்ப் பிறந்தீர். ஒருவர் சூரியனைப் போல் ஏறத்தாழ 15 மடங்கு நிறையினர், மற்றவர் 5 மடங்கினர் என வானியலாளர்கள் மோரிஸும் போட்சியாட்லோவ்ஸ்கியும் 2007-இல் கணித்துக் காட்டினர். மூத்தது பருத்தது, தன் எல்லை கடந்து வழிந்த பொருளைத் துணைக்கு வாரி வழங்கியது. வரையாது வந்த அக்கொடையை ஏற்கும் ஆற்றல் இளையதற்கு இல்லை. ஏலாத பொருள் இருவரையும் சேர்த்து மூடியது. அதனுள் உராய்ந்து, சுழன்று, சரிந்து, இளையது மூத்ததன் உடலில் கரைந்தது. உன்னைச் சூழ்ந்த மூன்று வளையங்களும் அக்கலப்பில் வீசப்பட்டவையே. செம்மீனாய் முடிய வேண்டிய நீ நீலமீனாய் நின்றதும் அதனாலேயே. ஒன்றான பின் நீ வாழ்ந்தது சுமார் 20,000 ஆண்டு. விண்மீனுக்கு அது ஓர் இமைப்பொழுது!

1987 பிப்ரவரி 23. இடிந்துவிழுந்த உன் கருவிலிருந்து கிளம்பிய நியூட்ரினோக்கள் ஒளிக்கு முன்னே வந்து, ஜப்பானின் காமியோகாண்டே நீர்த்தொட்டியில் சாவறிவித்தன. சிலியில் இயன் ஷெல்டன் உன் ஒளியைக் கண்டார். காவலூர் வானாய்வகத்தார் உன் நிறமாலையைப் பதிந்தனர். நிக்கல் கோபால்ட்டாகி, கோபால்ட் இரும்பாகி, அந்த வெப்பத்தில் உன் ஈமத்தீ பல மாதம் எரிந்தது. அவ்வழியே நீ விட்டுச்சென்ற இரும்பு 20,000 பூமிகளின் நிறையினும் மிகுதி.

இங்கே ஜங்லிகாட் துறையில் படகோரம் ஒரு நங்கூரம் கிடக்கிறது. உப்புக்காற்றில் துரு செதில்செதிலாய் உதிர்கிறது. தொட்ட விரல் சிவக்கிறது. இவ்விரும்பும் சூரியன் பிறக்குமுன் மாய்ந்த விண்மீன்களின் கொடையே. அவற்றைப் பெயர் சொல்லி அழ எவரும் இருந்ததில்லை.

வெப்பம் மிக்க பெருமீன்களில் 10-இல் 7, துணைக்குப் பொருள் கொடுத்தோ, கொண்டோ, ஒன்றியோதான் முடியும் என 2012-இல் ஹியூஸ் சானா குழுவினர் கண்டனர். எங்கள் சித்திரை மீனும் இருவரே. 4 நாளுக்கொரு முறை ஒன்றையொன்று சுற்றி, ஈர்ப்பால் முட்டைவடிவாய் நீண்டு நிற்கின்றன. மூத்தது பருக்கும் நாளில் அங்கும் கொடை தொடங்கும். அதைத் தடுக்கும் கை எமக்கில்லை. யாம் செய்யக்கூடியது ஒன்றே: மாய்ந்த பின் உன்னைப் பழைய படங்களில் தேடியதுபோல் அவற்றைத் தேட நேராதவாறு, அவற்றின் நிறையையும் இடைவெளியையும் வாழும்போதே அளந்து எழுதி வைத்தல்.