நைட்ரஜன் காபி

25 வருடத்துக்கு மேல் நைட்ரஜனோடு குடும்பம் நடத்தியவன் நான். கால்நடைக் கிளை நிலையத்தில் ஆய்வாளராக இருந்த கதைகளை இங்கே படித்து வருபவர்களுக்கு இது புதிதல்ல. பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதற்கான உறைவிந்துக் குச்சிகள் திரவ நைட்ரஜனில்தான் மூழ்கிக் கிடக்கும். மைனஸ் 196 டிகிரி. அந்தக் கேனை முதலில் சைக்கிள் கேரியரிலும் பிறகு டிவிஎஸ் 50-லும் கட்டிக்கொண்டு திருவையாற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் அலைந்திருக்கிறேன். அதே நைட்ரஜனைக் காபியில் கலந்து என் பேரனே ஒருநாள் என் கையில் கொடுப்பான் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், வெயிலில் மண்டை காய்ந்துவிட்டது, மோர் கொடுங்கள் என்றிருப்பேன்.

2023 ஜூன் மாதம் நானும் வீட்டுக்காரியும் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் மகன் வீட்டில் இருந்தோம். பேரனுக்கு 20 வயது. காலேஜை ஒரு வருடம் நிறுத்திவிட்டு ஒரு காபிக் கடையில் வேலை பார்க்கிறான். அப்பனுக்கும் பிள்ளைக்கும் அதில் பேச்சே குறைந்துபோயிருந்தது. மகன் அந்தக் கடை வாசலைக்கூட மிதித்ததில்லை. "நீங்க போய்ச் சொல்லுங்கப்பா. உங்க பேச்சைக் கேப்பான்" என்றான்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் பேச்சை அவன் எங்கே கேட்டிருக்கிறான்? "சாப்டீங்களா தாத்தா", "தூங்கினீங்களா தாத்தா", இதற்கு மேல் அவன் தமிழும் போகாது, என் இங்கிலீஷும் போகாது. நான் என்ன வேலை பார்த்தேன் என்பதே அவனுக்குத் தெரியாது. கவர்ன்மென்ட் சர்வீஸ் என்று மட்டும் மகன் சொல்லி வைத்திருந்தான். காரணம் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பட்டப்பெயரே 'சினை ஊசி'. ஒருநாள் அழுதுகொண்டே வந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சரி, கடைக்குப் போனேன். பேரன் வேலை செய்யும் மேடையின் பின்சுவரில் வரிசையாகக் குழாய்கள். கறுப்புக் கைப்பிடியைச் சாய்த்து ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து என் முன்னால் வைத்தான். பார்த்தால் அசல் பீர். தம்ளருக்குள் பழுப்பு அலைகள் மேலிருந்து கீழே வழிவதுபோல் ஓடின. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து கறுத்துக்கொண்டே வந்து, மேலே ஒரு விரற்கடை நுரை நின்றது. குமிழி என்றால் மேலேதானே போக வேண்டும், இது ஏன் கீழே இறங்குகிறது என்று கேட்டேன். நடுவில் மேலே போகிறது தாத்தா, ஓரத்தில் காபி கீழே வரும்போது சின்னக் குமிழியை இழுத்துக்கொண்டு வருகிறது என்று கையை ஆட்டிக் காட்டினான். அவன் என்னிடம் பேசிய முதல் நீளமான விஷயம் அதுதான்.

பால் இல்லை, சர்க்கரை இல்லை, ஐஸும் போடவில்லை. குடித்தேன். மோர் மாதிரி வழவழவென்று இறங்கியது. கசப்பு இருந்தது, ஆனால் கடிக்கவில்லை. சர்க்கரை போடாமலே ஓர் இனிப்புச் சாயல். வீட்டுக்காரி போடும் டிகாஷன் காபியின் பக்கத்தில் இதை வைக்க மாட்டேன். ஆனால் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

எப்படிச் செய்கிறாய் என்று கேட்டதும், முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பின்னறைக்குக் கூட்டிப்போனான்.

பாதி வேலையில் அடுப்பே கிடையாது. காபிக்கொட்டையை நம் ஃபில்டர் பொடி மாதிரி நைசாக இல்லாமல் ரவையைவிடப் பருமனாக உடைக்கிறார்கள். ஒரு கிலோ பொடிக்கு எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீர். 18 மணி நேரம் அப்படியே ஊற வேண்டும். வெந்நீர் சில நிமிடங்களில் பிடுங்கி எடுப்பதைக் குளிர்ந்த தண்ணீர் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டு வாங்குகிறது. அதனால்தான் புளிப்பும் கசப்பும் குறைவு. பிறகு வடிகட்டி, 19 லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பீப்பாயில் ஊற்றிக் குளிர்பெட்டிக்குள் வைக்கிறார்கள். அந்தப் பீப்பாய்க்குத்தான் சிலிண்டரிலிருந்து நைட்ரஜன் போகிறது.

நைட்ரஜன் லேசில் கரைகிற சாதியில்லை. சோடாவில் இருக்கும் கரியமில வாயு சட்டென்று கரைந்து நாக்கில் சுள்ளென்று புளிப்பும் காட்டும். இதற்கு அந்தச் சுபாவம் கிடையாது. காபியை நன்றாகக் குளிர வைத்து, 40 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்து, ஒருநாள் விட்டுத்தான் உள்ளே தள்ள முடிகிறது. நம் கார் டயரில் அடிக்கும் காற்றைவிடக் கொஞ்சம் அதிகம். அவசரமென்றால் பீப்பாயைக் கிடத்தி உருட்டிக் குலுக்குவானாம். குழாயின் வாய்க்குள் ஊசித் துளைகள் போட்ட ஒரு சின்னத் தகடு இருக்கிறது. காபி அதில் நெருக்கியடித்துக்கொண்டு வெளியே வரும்போது, கரைந்திருந்த வாயு பொடிப் பொடிக் குமிழிகளாகப் பிரிந்துவிடும். அதுதான் அந்த வழவழப்பு.

குழாய் பீர்க் குழாய் மாதிரி இருக்கிறதே என்றேன். பீர்க் குழாயேதான் என்றான். 1950-களின் கடைசியில் அயர்லாந்துக் கின்னஸ் கம்பெனியில் மைக்கேல் ஆஷ் என்ற கணிதக்காரர் பீருக்காகக் கண்டுபிடித்த வித்தையாம். 2010-க்குப் பிறகு இதே போர்ட்லாந்தின் ஸ்டம்ப்டவுன், டெக்ஸாஸில் கியூவே போன்ற காபிக் கம்பெனிகள் அதைக் காபிக்குக் கொண்டுவந்தன. 2016-ல் ஸ்டார்பக்ஸும் இறங்கியதும் ஊரெல்லாம் பரவிவிட்டது.

அவன் பேசப் பேச என் கண் சிலிண்டரின் மேலேயே இருந்தது. சுவரில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தான். அழுத்தம் குறைக்கும் மீட்டர் சரியாக மாட்டியிருந்தது. சுவரில் ஒரு சின்னப் பெட்டி. அது என்னவென்று கேட்டேன். அறையில் ஆக்சிஜன் குறைந்தால் கத்தும் என்றான். நைட்ரஜனுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூடிய அறையில் கசிந்தால் மனிதன் மயங்கி விழும்வரை தெரியாது. "கதவைச் சாத்திக்கிட்டு மட்டும் சிலிண்டரை மாத்தாதே" என்றேன்.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் தாத்தா?"

கவிழ்த்து வைத்த ஒரு பால் கூடையின் மேல் உட்கார்ந்து சொன்னேன். தெரிந்த இங்கிலீஷ், மீதி தமிழ், அதற்கும் மீதி கை ஜாடை. கேனில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க ஸ்கேலை உள்ளே விட்டு எடுத்துக் காற்றில் ஆட்டுவோம், நைட்ரஜன் நின்ற உயரம்வரை வெண்பனி படியும். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரிந்துவிடும், அதனால் கேனின் மூடியை இறுக்கவே கூடாது. குச்சியை எடுத்தால் 37 டிகிரி வெந்நீரில் 30 விநாடி, அப்புறம் பசுவிடம் ஓட்டம். சினை ஊசி என்றால் என்ன என்று விளக்கியபோது அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் சிரிக்கவில்லை. எத்தனை மாடு தாத்தா என்று கேட்டான். கணக்கு வைத்ததில்லை என்றேன்.

ஒரு மழைக்காலத்தில் நைட்ரஜன் வண்டி வராமல் கேன் காலியாகி, குச்சி அத்தனையும் வீணானதையும் சொன்னேன். இரண்டு மாதம் ஊருக்குள் தலை காட்ட முடியவில்லை. எங்களுக்கும் குளிர் போனால் போச்சுதான் என்று அவன் ஒரு கதை சொன்னான். நைட்ரஜன் அடைத்த டப்பாவுக்குள் ஆக்சிஜன் இருக்காது. காபியில் புளிப்பும் அவ்வளவு கிடையாது. சரியாகப் பதப்படுத்தாவிட்டால் விஷக்கிருமி வளர அந்த இடம் போதும். அந்தப் பயத்தில் 2017-ல் ஒரு கம்பெனி தன் நைட்ரோ காபி டப்பாக்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாம். அதனால் பீப்பாயின் மேல் தேதி எழுதி ஒட்டியிருந்தான். கையெழுத்து அப்படியே என் மகனுடையது.

விடைபெறும்போது ஒரு வம்பும் செய்தேன். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே, டபராவிலிருந்து தம்ளருக்கு உன் பாட்டி தூக்கி ஆற்றுவதும் நைட்ரஜன் காபிதான் என்றேன். காற்றில் ஆக்சிஜனும் இருக்கு தாத்தா, அது காபியைக் கெடுக்கும் என்றான். பாட்டி காபி கெடுவதற்குள் குடித்துவிடுவோம் என்றேன்.

உபதேசம் செய்யத்தான் போனேன் என்பது வீடு திரும்பும்போதுதான் நினைவு வந்தது. பேரன் எடுத்த போட்டோவைப் பார்த்த வீட்டுக்காரி, "இந்த வயசுல இது வேறயா?" என்று முறைத்தாள். காபி என்று நம்ப வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தத் தம்ளரின் அளவுக்கு நம் காபி எத்தனை தம்ளர் ஆகும்! ஒன்றரை மணிக்குச் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது மகன் தண்ணீர் குடிக்க வந்தான்.

"என்னப்பா சொன்னான்?"

"சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி வச்சிருக்கான்."

"அதைப் பாக்கவா உங்களை அனுப்பினேன்?"

"சினை ஊசியைப் பத்திச் சொன்னேன்" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. குளிர்பெட்டியின் ஓசை மட்டும் கேட்டது. தம்ளரைக் கழுவினான், துடைத்தான், மறுபடியும் துடைத்தான்.

"செம்பருத்தியைச் சொன்னீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"கேன்ல ஒரு செம்பருத்திப் பூவை விட்டு எடுத்துக் காட்டினீங்களேப்பா. கீழே போட்டதும் கண்ணாடி மாதிரி நொறுங்கிச்சு. நான் ரெண்டாவது படிச்சப்ப."

சுத்தமாக மறந்துவிட்டிருந்தேன். அரசாங்க நைட்ரஜனை அப்படி வீணடித்திருக்கக் கூடாதுதான்.

காலேஜ் விஷயம் இன்றுவரை முடிவாகவில்லை. ஆனால் மறுநாள் சனிக்கிழமை காலையில் மகன் கார் சாவியை எடுத்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றான்.

"கிளம்புங்கப்பா. நானும் அந்தக் காபியைக் குடிச்சதில்லை."